அள்ளல் பார்க்கும் மாமா

சேற்று நிலத்தை மண்ணடித்து மேடாக்கும் இடத்தில், லாரிகளுக்கு முன்னால் கம்பு குத்திப் பார்த்து நடப்பதுதான் மாமாவின் வேலை. ஆளை விழுங்கும் புதைசேற்றை அள்ளல் என்று பழைய பேரால் சொல்பவர் அங்கே அவர் ஒருவர்தான். "அள்ளல்!" என்று அவர் கத்தினால், டிரைவர் எதையும் பார்க்காமல் லாரியைப் பின்னுக்கு எடுத்துவிட வேண்டும்.

அன்று கம்போடு சேர்ந்து மாமாவும் இடுப்புவரை இறங்கிவிட்டார். பழக்கதோஷத்தில் "அள்ளல்!" என்றே கத்தினார். லாரியை ஓட்டிவந்த அவர் மருமகன் மளமளவென்று பின்னால் போய்விட்டான். கயிறும் அந்த லாரியில்தான் இருந்தது.

"கயித்தப் போடுடா!" என்று மாமா அலறினார்.

மேஸ்திரி ஓடி வந்தார். "லாரி தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது," என்றான் மருமகன்.

"அப்பாடா! மாமா, அசையாம நில்லுங்க. உங்களவிட நல்ல அடையாளம் எங்க கிடைக்கும்? மிச்ச லாரி எல்லாம் ஒதுங்கிப் போகட்டும், அப்புறம் தூக்கறோம்."

"சும்மாதானே நிக்கிறீங்க, மாமா," என்று மருமகன் சிரித்தான்.

சேறு மார்பைத் தொட்டபோது அடுத்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நேராக வந்தது. சக்கரம் தன்மேல் ஏறிவிடுமோ என்ற பயத்தில், மாமா கையைத் தூக்கி இடதுபக்கம் வழி காட்டினார்.