புதிய தளத்தில் திவசப் பொதி

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், சரவணையில் என் வீட்டுக்கு நாலு வளவு தள்ளி ஒரு கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. முன் அறையில் இரண்டு கணினி, ஒரு தராசு, ஒரு இரும்பு அலுமாரி. பின்பக்கத்தில் ஆழ்குளிர்பெட்டி. வாங்குபவர்கள் யாரும் அங்கே வருவதில்லை. அவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறார்கள். பொருள் போவதும் அவர்களிடம் அல்ல. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று இங்கேயே இருக்கும் தாய்தகப்பனுக்குப் போகிறது. மகன் அங்கே கைபேசியில் அழுத்துவார், தாய் இங்கே படலையைத் திறந்து வாங்குவார்.

கடையை நடத்துபவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அதிகம் விலைப்படுவது இரண்டு பொருள்கள். ஒன்று பிறந்தநாள் கேக். மற்றது திவசப் பொதி: பச்சரிசி, எள்ளு, தர்ப்பை, வாழைக்காய், பூசணி, பயத்தங்காய், தேங்காய், வெற்றிலை பாக்கு, தலைவாழையிலை. தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்கு ஊருக்கு வர முடியாத பிள்ளைகள் இந்தப் பொதியை அனுப்புவார்கள். தாய் ஐயரைக் கூப்பிட்டுக் காரியத்தைச் செய்து, சமைத்து, படைப்பார்.

பழைய இணையத்தளத்தை அக்காவின் தங்கை மகன் கம்பஸில் படிக்கும்போது செய்து கொடுத்திருந்தார். படங்கள் திறக்க நேரமெடுத்தன. வெளிநாட்டு வங்கி அட்டைகளை அது பாதி நேரம் ஏற்கவில்லை. ஆகவே கடை முழுவதையும் புதிய தளம் ஒன்றுக்கு மாற்ற அக்கா தீர்மானித்தார். அந்த வேலைக்குக் கொழும்பிலிருந்து ஒரு இளைஞர் ஒத்துக்கொண்டார். புங்குடுதீவில் பிறந்தவர். அவரை நாங்கள் பெரும்பாலும் தொலைபேசி ஒலிபெருக்கியில் வரும் குரலாகவே அறிந்திருந்தோம். பொருள் விவரங்களைப் புதிதாக எழுதும் வேலை எனக்கு வந்தது. பத்திரிகையில் பிரதி திருத்தியவருக்கு இது சின்ன வேலை என்று அக்கா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாள் எழுதியதை வாசித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது செய்தி மாதிரிக் கிடக்கு. வாங்குங்கோ எண்டு எங்க சொல்லியிருக்கிறீர்?"

"எடை, விலை, எத்தினை நாள் பழுதாகாது, எல்லாம் இருக்கே அக்கா."

"ருசி?"

"அது உறுதிப்படுத்தாத தகவல்."

"அப்ப உறுதிப்படுத்தும்" என்று ஒரு எள்ளுருண்டையை என் கையில் வைத்தார். அன்று பின்னேரம் வரை நான் பல தகவல்களை உறுதிப்படுத்தினேன்.

புதிய தளத்தைத் திறப்பதற்கு முன் அக்கா அதைச் சோதித்த விதத்தை எந்தச் செய்தி அறையிலும் நான் கண்டதில்லை. தானே வாடிக்கையாளராக மாறி ஓடர் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். "இப்ப நான் லண்டன். அவசரத்தில நிக்கிறன்" என்று சொல்லித் தொலைபேசி இலக்கத்தைப் பிழையாக அடித்தார். "இப்ப நான் நோர்வே. மனுசிக்குத் தெரியாமல் என்ர தாய்க்கு அனுப்புறன்" என்று சொல்லி, ரசீது எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்று பார்த்தார். கொழும்புத் தம்பி ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு மறுநாள் திருத்தி வைத்தார். ஒருமுறையும் சலிக்கவில்லை. அந்த இருவரும் ஒருவரையொருவர் அதுவரை நேரில் பார்த்ததில்லை.

தளமும் மெச்சக்கூடியதாகவே இருந்தது. படங்கள் உடனே வந்தன. அட்டைகள் ஏற்கப்பட்டன. ஒரே ஒரு இடத்தில் அக்காவுக்கு முகம் சுருங்கியது. திவசப் பொதியின் கீழே "இதை வாங்கியோர் இதையும் வாங்கினர்" என்று ஒரு வரியும், ரோசாப்பூ வைத்த கேக்கின் படமும் இருந்தன.

"தம்பி, உந்தக் கேக்கை முதல் எடும்" என்றார். தம்பி எடுத்தார்.

புதிய தளத்தில் எல்லோருக்கும் பிடித்தது "ஆண்டுதோறும்" என்ற பொத்தான். ஒருமுறை ஓடர் கொடுத்தால், அடுத்த வருடம் அந்த நாளில் தளம் தானாகவே பணத்தை எடுக்கும், எங்களுக்கு அனுப்பச் சொல்லும், வாடிக்கையாளருக்கும் அறிவிக்கும். வருடாவருடம் வரும் ஓடர்கள் எல்லாவற்றையும் தம்பி பழைய தளத்திலிருந்து எடுத்து, கடைசியாகப் பொருள் போன திகதியை வைத்து இதற்குள் ஏற்றினார். பழைய தளத்தில் அப்படிப் பொத்தான் ஒன்றும் இருக்கவில்லை. அங்கே திவசப் பொதிக்கு மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்ற பக்கம், திதி என்று மூன்று பெட்டிகள் மட்டும் இருந்தன. ஒவ்வொரு மாதமும் அக்கா அவற்றை வாசித்து, சுவரில் இருக்கும் கலண்டரோடு ஒப்பிட்டு, நாளைத் தீர்மானிப்பார். அந்தத் தளம் மந்தமானது. ஆனால் தனக்குத் தெரியாத வேலையை அது மனிதரிடம் விட்டிருந்தது.

புதிய பொத்தான் தானாக எழுப்பிய முதல் ஓடர் மண்கும்பானில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக். யாரும் எதையும் தொடவில்லை. காலையில் திரையில் வந்தது, மத்தியானம் கேக் போய்ச் சேர்ந்தது. பொருள் கொண்டுபோகும் ஓட்டோ அண்ணை படலையில் நின்று சிரித்தார்.

"அக்கா, இனி நீங்கள் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம். மெசினும் நானும் போதும்."

"மெசினுக்குப் பெற்றோல் தேவையில்லை. அதை யோசிச்சுக் கதையும்" என்றார் அக்கா.

அதன் பிறகு வந்த கேக்குகளும் பிழையில்லாமல் போயின. ஜூலைத் தொடக்கத்தில், தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று உரமாக அடித்த ஒரு காலையில், நெடுந்தீவிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு அம்மா. கனடாவில் இருக்கும் அவருடைய மகன் எங்கள் பழைய வாடிக்கையாளர். அக்கா ஒலிபெருக்கியைப் போட்டார்.

"பிள்ளை, உங்கட சாமான் இன்னும் வரேல்லை. நாளைக்கு விடிய இவற்ர திவசம்."

அக்கா கணினிப் பக்கம் திரும்பினார். அந்தப் பெயருக்கு நேரே "அடுத்த அனுப்பல்" என்று ஜூலை நடுப்பகுதித் திகதி ஒன்று இருந்தது. கடந்த வருடம் பொதி போன அதே திகதி. அந்த அம்மாவின் கணவர் இறந்தது ஆனி மாதம் அபரபக்கத் தசமியில், அதாவது தேய்பிறையில். அந்தத் தசமி இந்த வருடம் முந்தி வந்துவிட்டது.

உயிரோடு இருப்பவர்களுக்கு நாங்கள் ஆங்கிலத் திகதி பார்க்கிறோம், இறந்தவர்களுக்குத் திதி பார்க்கிறோம். இது இந்தத் தீவுகளில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா, தம்பி, நான் மூவருக்கும் தெரியும். ஆனால் கேக்குகள் சரியாகப் போன மகிழ்ச்சியில் மூவரும் அதை யோசிக்கவில்லை.

"அம்மா, பிழை எங்கட. என்னென்ன இல்லாமல் நிக்கிறியள்?"

"அரிசி இருக்கு. பூசணி வளவில கிடக்கு. தயிருக்கு நெடுந்தீவில பஞ்சமோ? ஐயரிட்ட எள்ளும் தர்ப்பையும் இருக்கு. இலைதான் பிள்ளை இல்லை. சோளகம் வாழையெல்லாத்தையும் சீப்பு மாதிரிக் கிழிச்சுப்போட்டுது." பிறகு சொன்னார்: "பீங்கானில படைச்சா அந்த மனுசன் காகமா வந்து என்னைத்தான் கொத்தும்."

அக்கா சிரிக்கவில்லை. "இலை வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

தீவுப்பகுதி எங்கும் அதே காற்று. கிழியாத இலை வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பக்கம் போக வேண்டும். வழக்கமாக முதல் நாளே சொல்லிவைத்தால் காலை பஸ்ஸில் வரும். தளம் கேட்கவில்லை, ஆகவே நாங்களும் சொல்லிவைக்கவில்லை. அக்கா ஓட்டோ அண்ணையை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அனுப்பினார். தான் மற்றச் சாமான்களைக் கட்டத் தொடங்கினார். அந்த அம்மா இருக்கிறது என்று சொன்னவற்றையும் சேர்த்தே கட்டினார்.

"இருக்கெண்டவவே, அக்கா?"

"மகன் முழுப் பொதிக்குத்தானே சொல்லி வைச்சவர்."

கொழும்புத் தம்பிக்கு நான் விடயத்தைச் சொன்னேன். அவர் சாட்டுப்போக்குச் சொல்லவில்லை. "என்ர அப்பாவின்ர திவசத்துக்கு அம்மாதான் ஒவ்வொரு வருசமும் போன் எடுத்து, இண்டைக்கு மீன் மச்சம் சாப்பிடாத எண்டு சொல்லுறவ. அது எப்பிடி வருதெண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை" என்றார்.

ஓட்டோ மத்தியானம் கடந்து வந்தது. இலைகளைச் சுருட்டி, நனைத்த சாக்கில் பொதிந்து, இருபக்கமும் பனை மட்டையை அணை வைத்துக் கட்டினோம். புங்குடுதீவுப் பாலத்தில் காற்று நாங்கள் மூவரும் போன ஓட்டோவைத் தள்ளியது. அக்கா சாக்கைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார். குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுக்குப் போகும் பின்னேரப் படகு ஏற்கெனவே ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. சாதாரண நாட்களில் பொதியைப் படகுக்காரரிடம் கொடுத்தால் போதும், மறுகரையில் வீட்டுக்காரர் வந்து எடுப்பார். அன்று படகுக்காரர் மாட்டேன் என்று தலையாட்டினார்.

"கடலைப் பாருங்கோ அக்கா. தனிச் சாமான் ஏத்தேலாது. தண்ணி உள்ளுக்கு அடிக்கும். நான் சுக்கானைப் பிடிப்பனோ, உங்கட இலையைப் பிடிப்பனோ?"

"ஆள் வந்தால்?"

"ஆளை ஏத்தத்தானே போட் வைச்சிருக்கிறன்."

அக்கா தனது காலைப் பார்த்தார். வீட்டுச் செருப்பு. கைப்பையும் இல்லை, கைத்தொலைபேசி மட்டும் இருந்தது. அந்தப் படகில் போனால் அன்றிரவு திரும்ப முடியாது.

"நான் போறன் அக்கா" என்றேன்.

"நீர் கடையைப் பாரும். இதே மாதிரி வேற ஆருக்கும் பிழைச்சிருக்கோ எண்டு தம்பியோட இருந்து பாரும். இந்தப் பிழைக்கு முகம் காட்ட வேண்டியது நான்."

படியில் நின்ற ஒருவர் கை கொடுத்து ஏற்றினார். அக்கா நடுப்பலகையில் இருந்து, மற்றப் பொதியைக் காலடியில் வைத்து, இலைச் சாக்கை முழங்கால்களுக்கு இடையில் நிமிர்த்திப் பிடித்தார். அவருக்குப் பக்கத்தில் மாட்டுத் தீவனத்தோடு போய்க்கொண்டிருந்த நெடுந்தீவுக்காரர் ஒருவர், "என்ன பிள்ளை, கலியாணமோ?" என்று கேட்டார்.

"திவசம்."

அவர் தன் தீவனச் சாக்கை நகர்த்தி, இலைக்குக் காற்றுப் படாதபடி வைத்தார். படகு துறையை விட்டதும் முதல் அலையிலேயே மூக்கு உயர்ந்தது. நான் பார்த்தவரை அக்கா பிடியை விடவில்லை.

அன்று மீதி நேரம் முழுவதும் நானும் தம்பியும் தொலைபேசியின் இரு முனைகளில் இருந்தோம். திவசப் பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய தளத்தின் மூன்று பெட்டிகளில் இருந்ததை நான் வாசித்தேன், கலண்டரைப் பார்த்து நாளைச் சொன்னேன். அவர் திருத்தினார். வேறு யாருக்கும் நாள் தவறியிருக்கவில்லை. ஆனால் தவறப்போகும் வரிசையில் பலர் நின்றார்கள். பொழுதுபடும் வேளையில் அக்காவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: "வந்திட்டம்." இலையையும் சேர்த்துத்தான் அப்படி எழுதியிருந்தார் என்று நினைக்கிறேன்.

திவசம் முடிந்த மறுநாள் காலைப் படகில் அவர் திரும்பினார். சேலை மாறியிருந்தது, அந்த அம்மாவினுடையது. வெளிச்சுற்றில் இருந்த இலை மட்டும் கிழிந்ததாம். மற்றவை முழுசாக இருந்தன. ஐயர் வந்து காரியம் முடித்தார். நுனியிலையில் படைத்தார்கள். அக்காவையும் இருத்தி, இலை போட்டு, சாப்பிடாமல் விடவில்லை.

"ஏசினவவோ?" என்று ஓட்டோ அண்ணை கேட்டார்.

"இல்லை. கை கழுவேக்க ஒண்டு மட்டும் கேட்டவ. உங்கட மெசினுக்கு இன்னும் ஒருத்தரும் சாகேல்லைப் போல எண்டு."

ஓட்டோ அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். அக்காவும் அப்போதுதான் சிரித்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கொழும்புக்கு அழைத்தார்.

தம்பி தயாராகவே இருந்தார். திதியைக் கணக்கிடும் நிரல் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார். இனித் தளமே ஒவ்வொரு வருடமும் நாளைக் கண்டுபிடிக்கும் என்றார். அக்கா முழுவதையும் கேட்டார்.

"நல்லது தம்பி. எந்தப் பஞ்சாங்கத்தின்படி?"

"அதென்ன அக்கா, ரெண்டிருக்கோ?"

"வாக்கியம் ஒண்டு, திருக்கணிதம் ஒண்டு. சில வருசம் நாள் மாறும். நாங்கள் ஒண்டு பாப்பம், பக்கத்து வீடு மற்றதைப் பாக்கும். அதில எது சரியெண்டு கடைக்காரி சொல்லேலாது."

தம்பி அன்றே அதைச் செய்து முடித்தார். திவசப் பொதிக்கு இப்போது நாலு பெட்டிகள்: மாதம், பக்கம், திதி, பஞ்சாங்கம். தளம் நாளைக் கணக்கிடும், ஆனால் அனுப்பாது. முதலில் அக்காவிடம் காட்டும். அக்கா அந்த வீட்டுக்குப் போன் எடுத்து, நாள் சரியா என்று கேட்ட பிறகுதான் பொதி புறப்படும். கேக்குகள் வழமைபோல் தாமாகவே போகின்றன.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை ஓடர் திரையில் வந்தது. ஆவணி, பூர்வபக்கம், சட்டித் திதி, வாக்கியம். போகவேண்டிய இடம் புங்குடுதீவு. சோதனை ஓடர்களைப் பார்த்தவுடன் அழிப்பது என் பழக்கம். அழிக்கட்டோ என்று ஒலிபெருக்கியில் கேட்டேன்.

"வேண்டாம்" என்றார் தம்பி. "அம்மாட்டக் கேட்டுத்தான் போட்டனான்."

அக்கா சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றி, ஆவணி மாதத் தாளைப் புரட்டத் தொடங்கினார்.