இரண்டு வாழ்த்துப்பாக்களும் அக்காவின் பெயரும்

எங்கள் அக்கா இல்லாத வீட்டில் ஓராண்டு கழிந்துவிட்டது. நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, "நீங்கதான் அம்மா கல்யாணத்துல பின்னாடியே நின்னவங்க, நீங்களே எழுதுங்க" என்று அக்காவின் மகன் சொல்லிவிட்டான். நின்றது உண்மைதான். அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நகரிக்குத் தெற்கே, இன்று தமிழ்நாட்டில் இருக்கும் எங்கள் சிற்றூரில். நைனாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா புத்தூரில் தங்கிப் பள்ளியில் தெலுங்கு படித்தார். தமிழ் எழுத்தை நைனாவிடம் வீட்டில் கற்றார். இரண்டையும் தடுமாறாமல் வாசிப்பார். அந்த நாளில் அதைப் பெருமையாக யாரும் நினைக்கவில்லை.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தது ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்த பிறகு. எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று முடிவாகாத காலம். டீக்கடையில் தெரியாத ஆளிடம் எந்த மொழியில் பேசுவது என்று வாய் திறக்கவே யோசிப்பார்கள். மாப்பிள்ளை வீடு கார்வேட்டிநகரத்துப் பக்கம். அவர்களும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான். எழுதப் படிக்கத் தெலுங்கு.

எங்கள் உறவில், மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்ததும் வாழ்த்துப்பா வாசித்துவிட்டுத்தான் தாலியை எடுப்பார்கள். பெண்வீட்டுப் பாட்டை எங்கள் தாய்மாமா எழுதி, ரோஸ் தாளில் சித்தூரில் அச்சடித்துக் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் அண்ணனும் சும்மா இருக்கவில்லை. தெலுங்கில் ஒரு பாட்டு எழுதி, திருப்பதியில் கண்ணாடிச் சட்டம் போட்டே கொண்டுவந்துவிட்டார். எது முதலில் என்பதில் சண்டை பிடித்துக்கொண்டது.

"எங்க ஊட்டு வாசல்ல தமிழ்தான் மொதல்ல. இஷ்டம் இல்லன்னா தாலிய எடுத்துக்கினு போய்க்கினே இருங்க" என்றார் மாமா.

"அப்படின்னா எங்க தம்பி மணையில குந்தமாட்டான்" என்று அண்ணன்காரர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

மேளம் நின்றது. பந்தலில் ஆண்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். வேட்டியை மடித்துக் கட்டியவர்களையும் பார்த்தேன். ஐயர் முகூர்த்தம் போகிறது என்று இரண்டு முறை சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை. மணையில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். பின்னால் நான் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணம் நின்றால் அக்காவை அப்புறம் யார் கட்டுவார்கள்? அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை என்று எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

அக்கா தலையை நிமிர்த்தினார். "மாமா, அந்தத் தாள இப்படிக் குடுங்க. அவங்க சட்டத்தையும் வாங்கிக்கினு வாங்க" என்றார்.

மணப்பெண் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தத் திகைப்பிலேயே கொடுத்துவிட்டார்கள். அக்கா மாமாவின் பாட்டை வாசித்தார். பிறகு சட்டத்தை மடியில் நிறுத்தித் தெலுங்குப் பாட்டை வாசித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னார். மாமா திருப்பதி மலையை இந்தப் பக்கம் இழுத்திருந்தார்; அண்ணன்காரர் அதே மலையை அந்தப் பக்கம் இழுத்திருந்தார். அந்தப் பாட்டிலும் நம் ஏரி, இந்தப் பாட்டிலும் நம் ஏரி. எங்கள் முன்னோர் உழுத மண் என்று இரண்டு பேருமே முடித்திருந்தார்கள். தலைப்பில் மாப்பிள்ளை பெயரும் இரண்டு தகப்பன்மார் பெயரும் பெரிதாக இருந்தன. அக்கா வெறும் 'மகள்'.

"ரெண்டும் நல்லாத்தான் கீது. மலை கீது, ஏரி கீது, மண்ணு கீது. கல்யாணம் எனக்குத்தானே? என் பேரு எங்க கீது?" என்று கேட்டார்.

மாமா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணன்காரர் சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். இருந்தால்தானே கிடைக்கும்!

மாப்பிள்ளை தன் அண்ணனின் கையை விலக்கிவிட்டு வந்து மணையில் உட்கார்ந்தார். அக்காவின் பெயரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒருமுறை சொன்னார். "மொதல்ல இவங்க பேரு. அப்புறம் எந்தப் பாட்ட வேணா படிங்க" என்றார். மறுபடி எந்தப் பாட்டையும் வாசிக்காமலே தாலி ஏறியது.

பிறகு எல்லை முடிவானது. பிறந்த ஊர் மதராஸ் பக்கம், புகுந்த ஊர் ஆந்திரா பக்கம். அங்கே தெருவில் அவரை அரவக்காரி, அதாவது தமிழ்க்காரி, என்றார்கள். இங்கே வந்தால் நம் சனமே தெலுங்கு ஊட்டுக்காரி என்றது. எந்த ஊர் என்று யார் கேட்டாலும் அக்கா தன் பெயரைத்தான் சொல்வார். கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். தனியாளாக நிலத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். கடன் கேட்டு யார் வாசலிலும் நின்றதில்லை. யார் வந்தாலும் "துன்னுட்டுப் போ" என்பதுதான் முதல் பேச்சு.

கடைசியாகத் திருப்பதி ஆஸ்பத்திரியில் நர்சு தெலுங்கில் ஊரைக் கேட்டபோதும் பெயரையே சொன்னார். நினைவு தப்பிவிட்டது என்று அந்தப் பெண் என்னிடம் வருத்தப்பட்டாள். இல்லையம்மா, நல்ல நினைவோடுதான் இருக்கிறார் என்றேன்.

அந்த நர்சுக்கும், இராப்பகலாகப் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், எல்லைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பேருந்து மாறி மாறி வந்து துக்கத்தில் நின்ற உறவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அடுத்த பக்கங்களில் பேரன் தமிழிலும் பேத்தி தெலுங்கிலும் எழுதிய பாட்டுகள் இருக்கின்றன. எது முதலில் வருவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். எதுவானாலும் சரி என்றேன். அச்சுக்குப் போகும் முன் வாங்கி, அக்காவின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இரண்டிலும் முதல் வரியிலேயே இருக்கிறது. மூத்தவரைப் பெயர் சொல்லக் கூடாது என்ற முறைக்காக நான் இங்கே அக்கா என்றே எழுதிவிட்டேன். அந்தப் பெயரை நீங்கள் அங்கே உரக்க வாசியுங்கள்.