ஒரு சாவிக்கு ஒருத்தி

எண்பதுகளின் கடைசியில் மதுரை கோரிப்பாளையத்தில், ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். அங்கே புரோகிராம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தலைக்கனத்துக்கு அது போதாதா? நண்பன் ஒருவன் மெட்ராஸிலிருந்து ஃப்ளாப்பியில் ஒரு புது கம்ப்யூட்டர் மொழியைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் எல்லாமே ஆப்ஜெக்ட். ஆள் ஒரு ஆப்ஜெக்ட், அவர் கொடுக்கும் விண்ணப்பம் இன்னொரு ஆப்ஜெக்ட். இவற்றைப் போட்டுவைக்கத் தயாராகச் செய்த பாத்திரங்களும் உண்டு. அவற்றுக்குக் கலெக்‌ஷன் என்று பெயர்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குணம். பட்டியல், வந்தவரை வந்த வரிசையில் வைத்துக்கொள்ளும். ஒரே ஆள் இரண்டு தடவை வந்தாலும் கேள்வி கேட்காது. அகராதி அப்படியில்லை. ஒவ்வொன்றையும் சாவி என்ற ஓர் அடையாளத்தின் பேரில் வைத்து, அந்தச் சாவியைச் சொன்னதும் தேடாமல் எடுத்துக் கொடுக்கும். எனக்கு அதன்மேல் காதலே வந்துவிட்டது. அதே சாவியோடு வேறொன்று வந்தால், பழையதை அப்புறப்படுத்திவிட்டுப் புதியதை அங்கே வைக்கும். ஒரு வார்த்தை சொல்லாது. அதையும் படித்தேன். சௌகரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு கட்டு விண்ணப்பம் வந்தது. ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சிக்குப் பெண்கள் போட்டிருந்தவை. ஒவ்வொருவருக்கும் இன்டர்வியூ கார்டு அச்சடித்துத் தபாலில் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. விண்ணப்பங்களில் வரிசை எண் இல்லை. பட்டியலில் போட்டிருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. நான் பெயர், இனிஷியல், ஊர் மூன்றையும் ஒட்டிச் சாவியாக்கி, அகராதியில் போட்டேன்.

நாங்கள் வில்லாபுரத்தில் குடியிருந்தாலும் சொந்த ஊர் மதுரைக்கு மேற்கே. அங்கே பிள்ளைக்குக் குலசாமி பேர் வைப்பார்கள். எங்கள் பங்காளி வீடுகளிலேயே ஒரே பேரில் மூன்று பெண்கள். பெரியவ, சின்னவ, செவத்தவ என்று கூப்பிட்டுச் சமாளிப்போம். அப்பாக்களும் அதே சாமிகளின் பேரைச் சுமப்பவர்கள் என்பதால் இனிஷியலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வேறு ஊர்க்காரன் அந்தச் சாவியைச் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். எனக்கு அந்தச் சாக்கு கிடையாது.

கார்டுகளைத் தபாலுக்கு அடுக்கும்போது முதலாளி எண்ணிப் பார்த்தார். "மாப்ள, கட்டுல உள்ளதுக்கு ஒரு கார்டு கொறையுதே?"

"யாராவது ரெண்டு தடவை போட்டிருப்பாகண்ணே. மிஷின் கழிச்சிருச்சு."

அவருக்கு ஏக சந்தோஷம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மிஷினின் அறிவைப் பற்றிச் சொன்னார். கட்டைப் புரட்டிப் பார்க்க எனக்கு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. இன்று வரைக்கும், சாவி ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்காமல் எதையும் நான் உள்ளே வைப்பதில்லை. அதனால் அன்று கார்டு கிடைக்காமல் போனவளுக்கு என்ன ஆகப்போகிறது?

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானத்தில் ஒரு பெண் மாடியேறி வந்தாள். இருபத்துச் சொச்சம் வயது. பயிற்சி நிலையத்தில் கேட்டதற்கு எங்களைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

"அண்ணே, எங்க ஊர்ல எம் பேர்லயே இன்னொரு பிள்ளை இருக்கா. அவளுக்குக் கார்டு வந்துச்சு, போயிச் சேந்துட்டா. எனக்கு வரலை. அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும்."

அவள் இன்னும் முடிக்கவில்லை. "எங்கய்யா தபால்காரரோட சண்டை போட்டுட்டாரு. ரெண்டு பேரும் சின்னதுலருந்து சேக்காளிக. இப்படி ஒரு கார்டே வரலைன்னு தபால்காரரு பெத்த பிள்ளை மேல சத்தியம் பண்றாரு. அவரு மேல தப்பில்லைன்னா போயி மன்னிப்புக் கேக்கணும்னு எங்கய்யா சொல்றாரு. பாத்துச் சொல்லுங்கண்ணே."

கட்டை எடுத்துப் புரட்டினேன். ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே ஊர். தெரு வேறு, பிறந்த தேதி வேறு. இவளுடையது முதலில் இருந்தது. இரண்டாவது வந்து இவளைத் தள்ளிவிட்டிருந்தது.

பயிற்சி தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. தவறு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவளைச் சேர்த்திருப்பார்களோ என்னவோ. பக்கத்து மேஜையில் முதலாளி இருந்தார். எனக்கு வேலையும் மரியாதையும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. நான் கோழை. அதை நயமாகச் சொல்ல வேறு வார்த்தை தேடிப் பிரயோசனமில்லை.

கட்டைக் கட்டி வைத்தேன். "இங்கருந்து அனுப்பியாச்சும்மா. தபால்லதான் போயிருக்கும்."



"அப்ப தபால்காரரு பெத்த பிள்ளை மேலயே பொய்ச்சத்தியம் பண்ணியிருக்காரு" என்றாள். "சரிண்ணே, எங்கய்யாகிட்டச் சொல்லிர்றேன்."