ஏலத்தில் போன ரேடியோ

அமெரிக்காவில் நான் இருக்கும் இந்த ஊரில் பேஸ்பால் அணி தொடர்ந்து தோற்றால் ஜனங்கள் அதன் தொப்பியைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் மருத்துவமனைச் சாப்பாட்டு அறைத் தொட்டியில் போன வாரம் ஒன்று கிடந்தது. எடுத்துத் தட்டித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் கேரல் சிரித்தாள். "வேறு அணியைப் பிடித்துக்கொள்ளேன், பக்கத்து ஊர்க்காரர்கள் நன்றாக ஆடுகிறார்களே" என்றாள். அணியை மாற்றுவது அவளுக்குச் சோப்பு மாற்றுகிற காரியம். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், தோற்றே பழகிய ஒரு தெருவில் பிறந்த எனக்கு அது அத்தனை சுலபமில்லை. கோபம்தான் வந்தது.

நான் வந்த புதிதில் இவர்கள் பேசும் இங்கிலீஷ் ஒரு வார்த்தை பிடிபடாது. முதல் சம்பளத்தில் வாங்கிய டிரான்சிஸ்டர் ரேடியோதான் எனக்குப் பேச்சுத் துணை. பேஸ்பால் வர்ணனையாளர் அவசரப்படமாட்டார். பந்து வீசுகிறவன் மூக்கைச் சொறிந்தால் அதையும் சொல்வார். அவர் குரலில் காது பழகி, ஆட்டம் புரிந்து, அந்த அணியும் என்னுடையதாகிவிட்டது. அப்போதே அவர்கள் கடைசி இடத்தில்தான் இருந்தார்கள்.

போன வருஷம் செப்டம்பரில் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ரேடியோவும் கூட வந்தது. அமெரிக்காவில் மாலை ஆட்டம் தொடங்கும்போது நம் ஊரில் விடிகாலை. அமெரிக்கப் படைவீரர்களுக்கான சிற்றலை ஒலிபரப்பில் சில நாள் எங்கள் ஆட்டம் வரும். வாசலில் உட்கார்ந்து திருகித் திருகிக் கேட்பேன். புதிதாக வந்த போல்ட் கம்பெனிக்கு ஷிஃப்ட் கிளம்பும் தம்பி சாமுவேல், "இன்னாக்கா, இன்னிக்காவது ஜெயிச்சாங்களா உன் ஆளுங்க?" என்பான். இல்லை என்பேன். "பேஜாரு புடிச்ச டீமுக்கா" என்று சைக்கிளை எடுப்பான். மிச்ச ஆட்டங்களில் இரண்டு மூன்று ஜெயித்தால்கூடக் கடைசி இடத்திலிருந்து தப்பிவிடலாம் என்ற நிலைமை. அதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

சொர்ணவாரி நெல் அறுத்த கையோடு எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் உழைப்பில் வந்ததில் பிரியமான ஒன்றைக் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அதை ஏலம் விடுவார்கள். கொடுத்தவரே கேட்டு மீட்டுக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். அம்மா வருஷாவருஷம் ஒரு பூசணிக்காயைப் படைத்து, அதையே எடுத்துவந்து குழம்பு வைப்பாள். கொடுத்தவர் கேட்டால் மற்றவர் மேலே கேட்பதில்லை. அப்படி வேறு யாராவது எடுத்தால், கொடுத்த வீட்டார் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். எப்படியும் என்னிடமே திரும்பும் என்று நம்பி நான் ரேடியோவைப் படைத்தேன்.

அன்று ஏலத்துக்கு ஆண்டை வந்து நின்றார். எங்கள் தெருவே தலைமுறையாக அவர் நிலத்தில் கூலிக்கு இருந்தது. எங்கள் ஜனம் அவரை அப்படித்தான் கூப்பிடும். அம்மா நாற்று நட்டுவிட்டு அவர் வீட்டுக் கொல்லைப்புறம் நின்றால், குவித்த கையில் கூழை மேலேயிருந்து ஊற்றுவார்கள். கை படக்கூடாது. இப்போது கம்பெனிகளுக்கு நிலத்தை விற்றதில் அவர் கையில் பணம் புரள்கிறது. ஃபாரின் ரேடியோ என்று கேள்விப்பட்டு வந்துவிட்டார். நான் கேட்டேன், அவர் மேலே கேட்டார். நான் ஏற்றினேன், அவரும் ஏற்றினார். என் சம்பளத்துக்கு அவரை மூச்சுமுட்ட வைக்க என்னால் முடியும். விடுவேனா? மறுபடி வாயைத் திறந்தபோது அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"போதும். அவுரே எடுக்கட்டும்."

"எம்மா, அது என்துமா. மேட்ச்சு பாக்கி இருக்குது."

"இருக்கட்டும். நா சொல்றேன், உடு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் தரமும் சொல்லி முடித்தார்கள். அவர் பணத்தைக் கட்டினார். அம்மா ரேடியோவை எடுத்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றாள். அவர் மதில் சுவரைக் காட்டி, "அதும்மேல வச்சிட்டுப் போ" என்றார்.

"எங்க கோயில் வழக்கம் கைக்குக் கைதான்" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை.

அவர் ஒரு கையை நீட்டினார். அம்மா அசையவில்லை. "ரெண்டு கையி" என்றாள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. பணம் கட்டிய பொருளை விட்டுப்போக அவருக்கு மனசில்லை. இன்னொரு கையும் வந்தது. அம்மாவின் விரல்கள் அவர் விரல்கள்மேல் பட்டன. அவள் கையை அவசரமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அம்மா ஏன் என் வாயை அடைத்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 

அணி கடைசி இடத்தில்தான் முடித்தது. இங்கே திரும்பிய பிறகே தெரிந்துகொண்டேன். கேரலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உன் பொருளை நீயே காசு கொடுத்து வாங்கப் போனாய், கடைசியில் அதுவும் கிடைக்கவில்லை. பாவம்" என்றாள். இல்லை, அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம் என்றேன். நான் அணியைச் சொல்கிறேன் என்று நினைத்து, அன்றைக்கும் தோற்றார்கள் என்று திருத்தினாள்.

இந்த வருஷமும் தோல்விதான். நேற்று மைதானத்தில் பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போனார்கள். நான் கடைசிப் பந்துவரை உட்கார்ந்திருந்தேன். சிற்றலையில் போட்டிருந்தால் இந்த ஆட்டம் விடிகாலையில் ஆண்டை வீட்டுக் கூடத்தில் கேட்டிருக்கும். அந்தக் கூடத்துக்குள் எங்கள் தெருவில் ஒருவரும் இன்றுவரை கால் வைத்ததில்லை. என் ரேடியோ மட்டும் உள்ளே போயிருக்கிறது. நடுக்கூடத்தில் உட்கார்ந்து எங்கள் அணியைப் பற்றிச் சத்தமாகப் பேசட்டும்.