தந்தம் ஒட்டாத யானைகள்

அப்போது கந்தர்வக்கோட்டை வழியாகப் போகும் தனியார் பேருந்து ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்து போர் யானை செய்வேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் லாரி ஓட்டியபோது அறையில் உடனிருந்தவர் பழக்கிவிட்டது இது. மேஜையில் பழங்காலப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்திச் சண்டை போடும் விளையாட்டு. யானை கட்டைவிரல் உயரம்தான், ஈயத்தில் வார்த்தது. உடம்பு, காது, தந்தம், பாகன், அம்பாரி எல்லாம் தனித்தனியாக வரும். அரத்தால் ராவி, சூப்பர் க்ளூ வைத்து ஒட்ட வேண்டும்.

அந்த முறை எட்டு யானை. ஒன்றுக்கும் தந்தம் ஒழுங்காக நிற்கவில்லை. துளைக்குள் வைப்பதாக நினைத்துத் துளைக்கு முன்னால் காற்றில் குத்திக்கொண்டிருந்தேன். பசை யானையின் கன்னத்தில் வழிந்தது. வார்த்தவனைத் திட்டினேன், பசையைத் திட்டினேன், ஃபேனை நிறுத்தச் சொல்லி மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

“பசையில ஒண்ணுமில்லங்க. நேத்து டம்ளருக்கு வெளியதான தண்ணி ஊத்துனீங்க?”

“வாய மூடிக்கிட்டு இரு” என்றேன்.

அந்த வாரம் இரண்டு முறை இடது டயர் தார் ரோட்டை விட்டு இறங்கியது. “அண்ணே, ஓரத்துல ஆளு நிக்கிறாங்கண்ணே” என்று கண்டக்டர் படியிலிருந்து குரல் கொடுத்தார். பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராவிக்கொண்டிருக்கும்போது வலது கண்ணில் ஈயத்தூள் விழுந்தது. அந்தக் கண்ணை மட்டும் இறுக மூடினேன். எதிரே வரிசையாக நின்ற எட்டு யானைகளில் ஐந்தைக் காணோம். இருட்டாகக்கூட இல்லை, அந்த இடமே இல்லை. கண்ணைத் திறந்தால் எட்டும் நின்றன. மூடினால், இடது கண்ணுக்கு மூன்றுதான். பத்துத் தடவையாவது மூடி மூடித் திறந்திருப்பேன். பேருந்தில் ஆள் ஏறுவது, இறங்குவது, சைக்கிள்காரர் ஒதுங்குவது எல்லாமே இடப்பக்கம்தான்.

“கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு? டாக்டர்கிட்ட போவமா?” என்று மனைவி கேட்டாள்.

“தூசிக்கெல்லாம் டாக்டரா?”

டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். டிரைவர் சீட்டிலிருந்து இறக்கிவிட்டால் நான் யார்? அதுதான் பயம். அவள் ஒரு தந்தத்தை எடுத்துப் பசை தொட்டு, முதல் தடவையிலேயே துளையில் நிறுத்தினாள். அவளை அறையலாம் போல ஆத்திரம் வந்தது.

மறுநாள் முதல் டிரிப்பை நான்தான் எடுத்தேன். தங்கை வீட்டுக்குப் போக அவளும் ஏறி, எனக்கு இடப்பக்கம் முன்சீட்டில் உட்கார்ந்தாள். இன்னும் சரியாக விடியவில்லை. முந்திரித்தோப்பு வளைவில் ரோடு காலியாகத்தான் தெரிந்தது.

“ஆளுங்க! நிறுத்துங்க!”

அவள் கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். இடது முனையை ஒட்டி, கைக்கு எட்டும் தூரத்தில், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் வயதான ஒரு அம்மாவும் வெலவெலத்து நின்றார்கள். ஏறியதும் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நல்லவேள, நீங்க பாத்துட்டீங்க தம்பி.”

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன்.