மூன்று சுற்றுப் பாட்டும் பன்னிரண்டு நிமிடமும்

என் வீட்டுக்காரருக்கும் கடிகாரத்துக்கும் ஏழாம் பொருத்தம். எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்த அன்று, பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டது என்று வெளியே பார்த்துக்கொண்டே வந்து, மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கினார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தவர், "மேகமெல்லாம் கூடவே வந்துச்சு" என்றார். அதையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை, ஜீன்ஸ் வெளுக்கும் ஆலையில். கடையில் வாங்கும்போதே பழசு மாதிரி இருக்கிறதே, அந்தப் பழசை நாங்கள்தான் செய்கிறோம். நான் கெமிக்கல் ரூமில் பிளீச் அளந்து கலப்பவள், பதினான்கு வருடமாக. அவர் ஈரத்துணி வண்டி தள்ள வந்தவர். ஆபீஸில் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரைப் பிரித்துப் பிரித்துத் தானே படித்து, இயந்திரங்களை ஓட்டும் புரோகிராம்களுக்கே பொறுப்பாளரானார். எதைக் கேட்டாலும் "அப்புறம்" என்பார். ஆலையில் அவருக்குப் பெயரே அப்புறம்தான்.

வெளுப்பு முழுக்க நிமிடக் கணக்கு. பன்னிரண்டு நிமிடம் ஆனதும் டைமர் வடிகாலைத் திறக்க வேண்டும். இரண்டு நிமிடம் கூடினால் அந்தி வானத்து நீலம் மத்தியான வானம் மாதிரி வெளிறிவிடும். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவர் டிரம்மின் கண்ணாடிக் கதவு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே நீலம் நுரைத்துச் சுழல்வதைப் பார்த்தபடி, தானே கட்டிய ஒரு பாட்டை வாய்க்குள் பாடுவார். மெதுவான பாட்டு, வார்த்தையே கிடையாது. ஆவியில் பாதி முகம் கரைந்திருக்கும். கூப்பிட்டால் எங்கோ தூரத்திலிருந்து திரும்பி வருவார்.

போன மாதம் வெளியிலிருந்து ஒரு கம்பெனி வந்து, கம்ப்யூட்டர்களின் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் கெர்னலைப் புதுசாக்கிவிட்டுப் போனது. கெர்னல் என்றால், உள்ளே எந்த வேலையை எப்போது எழுப்பிவிட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி; என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதிலிருந்து நீலம் வெளிற ஆரம்பித்தது. மூன்று லோடு திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் பதிவிலோ ஒவ்வொரு லோடுக்கும் 'பன்னிரண்டு நிமிடம் முடிந்தது' என்று பளிச்சென்று இருந்தது. அப்படியானால் தப்பு யாரிடம்? கலப்பவளிடம்.

"நாளைக்கு மத்தியானம் துணி வாங்குறவர் வர்றார். மாதிரித் துணியோட நிறம் ஒத்துப்போகலன்னா கெமிக்கல் ரூமுக்கு வேற ஆள் போட்டுடுவேன்" என்றார் மேனேஜர். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையெல்லாம் வேண்டாம்."

நான் வாயே திறக்கவில்லை, அதற்குள் பழமொழி! என் கை ஒரு சொட்டுக்கூடப் பிசகாது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

சாப்பாட்டு வேளையில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உன் கலவையில தப்பில்ல. மூணு சுத்து பாடினா தண்ணி இறங்கும். இப்போ நாலாவது சுத்துல பாதி வரைக்கும் இழுக்குது. ஒரு மாசமா இப்படித்தான்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"மேனேஜர்கிட்ட சொன்னேன். சிரிச்சார்."

நானும் சிரித்தேன். "கல்யாணத்துக்கே லேட்டா வந்த மனுஷன் டைமர் லேட்டுன்னு சொன்னா யாருங்க நம்புவாங்க?"

அவர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார். 'அப்புறம்' என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

ஃபோனை எடுத்துக்கொண்டு இயந்திரத்தடிக்குப் போனேன். டிரம் சுற்ற ஆரம்பித்ததும் ஃபோனில் நேரத்தை ஓடவிட்டேன். நீலம் சுழன்றது, நுரைத்தது, என் கோபத்தைக்கூடக் கொஞ்ச நேரம் மறக்கடித்தது. பன்னிரண்டு ஆனது; தண்ணீர் இறங்கவில்லை. பதின்மூன்று. பதினான்கு தாண்டி ஐந்தாவது நொடியில்தான் வடிகால் திறந்தது. திரையில் 'பன்னிரண்டு நிமிடம் முடிந்தது' என்று வந்தது.

ஸ்டூலில் இருந்தவர் என்னைப் பார்க்காமலே, "மூணரை" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வரை புரோகிராமைத் திறந்துவைத்துப் பார்த்தார். திரை மூலையில் கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. புரோகிராம்தான் அதைப் பார்ப்பதே இல்லை. ஒரு நொடியை நூறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் 'கொஞ்சம் பொறுத்து எழுப்பு' என்று கெர்னல் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, எத்தனை தடவை எழுந்தோம் என்று மட்டும் எண்ணும். பழைய மேஸ்திரி சொன்னபடி எழுப்பினான். புதியவன் ஒவ்வொரு தடவையும் துளி தாமதிக்கிறான். எழுபத்திரண்டாயிரம் துளி சேர்ந்தால் இரண்டு நிமிடம்.

"இந்த லட்சணத்துல யாருங்க எழுதினது?"

"நான்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி."

குரலைத் தாழ்த்தினேன். "அந்தக் கம்பெனி மேல போட்டுடுங்க. பழைய கெர்னலையே திரும்பப் போடச் சொல்லலாம்."

"அது என்ன பண்ணும்? குறைஞ்சது இவ்வளவு நேரம் பொறுத்து எழுப்புறேன்னுதான் அது சொல்லுது, சரியா அந்த நொடியிலன்னு சொல்லவே இல்ல. நான்தான் எண்ணிட்டே இருந்துட்டேன், கடிகாரத்தைப் பாக்கவே இல்ல." சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. பிறகு, ஆரம்பிக்கும்போதும் ஒவ்வொரு தடவை எழும்போதும் கடிகாரத்தைக் கேட்கும்படி நான்கு வரியை மாற்றினார்.

மறுநாள் காலையில் எல்லார் முன்னாலும் மேனேஜரிடம், "தப்பு கலவையில இல்ல சார், நான் எழுதினதுல" என்றார்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன் சார், பாட்டு நீளுதுன்னு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். மூன்றாவது சுற்று முடிந்ததும் தண்ணீர் இறங்கியது. மத்தியானம் வந்தவர் மாதிரித் துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அந்தி. என் வேலை எனக்கே நிலைத்தது.

சாயங்காலம் ஆலை கேட்டில் அவருக்காக நின்றேன். வழக்கம்போல ஆளைக் காணோம். ஃபோனை எடுக்கப் போன கை நின்றது. அவர் பாட்டை வாய்க்குள் பாட ஆரம்பித்தேன். ஏழாவது சுற்றில், வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"ரொம்ப நேரமாயிடுச்சா?"

"இல்லைங்க" என்றேன். "இப்பதான் பாட ஆரம்பிச்சேன்."