கையெழுத்து அவருடையது, சார்ட் என்னுடையது

நான் எழுதிய இங்கிலீஷ் சார்ட்டுக்காக ஃபோர்மேனுக்குப் பொன்னாடை போட்டுவிட்டார்கள். போன ஞாயிறு, திருவேற்காடு மண்டபத்தில், நம் பழைய கம்பெனிக்காரர்கள் சந்திப்பில். அந்தப் படத்தை இதே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறீர்கள். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

மெஷினில் ஊற்றும் கட்டிங் ஆயில் வாசனை ஞாபகம் இருக்கிறதா... எத்தனை சோப்பு போட்டாலும் தயிர்சாதத்தில் வந்து நிற்கும். அந்தக் கையோடுதான் சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷ் படித்தேன். ஆவடி மார்க்கெட் பிளாட்பாரத்தில் வாங்கிய டிக்‌ஷனரி. அட்டை கிடையாது. முதல் இருபது பக்கமும் கிடையாது. ஏ-யில் தொடங்கும் வார்த்தைகளை நான் இன்றும் முழுசாக நம்புவதில்லை.

ஒருநாள் ஸ்டோர்ஸில் அளவு பார்க்கும் கேஜ் வாங்கிக்கொண்டு, ரிஜிஸ்டரில் 'லெண்ட்' என்று எழுதிவிட்டேன். 'பாரோ' என்று எழுதியிருக்க வேண்டும். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஸ்டோர்ஸ்காரர் சொன்னார்:

"இன்னா நைனா, உங்க ஊட்டு கேஜ எங்களுக்கு இரவல் குடுத்துகீறியா?"

ஒரு வாரம் எல்லோரும் என்னை 'வள்ளல்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த வாரமே காலண்டர் ஷீட்டின் பின்பக்கம் எழுதினேன். நாம் வாங்கினால் பாரோ, ஸ்டோர்ஸ்காரர் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு கொடுத்தால் லெண்ட். சூடு தானாக ஏறினால் ரைஸ், கிரேன் தூக்கினால் ரெய்ஸ். கடைய வேண்டிய இரும்பை, அதான் ஜாபை, மெஷினில் வைத்தால் லே. தானாகப் படுத்தால் லை. இந்தக் கடைசி வார்த்தைக்கு மட்டும் இங்கிலீஷிலேயே உதாரணம்: ஃபோர்மேனின் மச்சினன், அவர் வீட்டம்மாவின் கூடப்பிறந்த தம்பி, கம்ப்ரஸர் பின்னால், தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு.

கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன்.

ஸ்டாஃப் கையெழுத்து இல்லாத காகிதம் சுவரில் இருந்தால் செக்யூரிட்டி கிழித்துவிடுவார், நமக்குத் தெரியும். அதனால் ஃபோர்மேனிடம் நீட்டினேன். டீயைக் கீழே வைக்காமல், ஒரு வரி படிக்காமல், கையெழுத்துப் போட்டார். லீவு லெட்டருக்கும் அவர் அப்படித்தான். என் பெயரை எழுத இடமே இல்லை... அவ்வளவு அகலக் கையெழுத்து.

நாளடைவில் அது 'ஃபோர்மேன் சார்ட்' ஆகிவிட்டது. கம்பெனி மூடியபோது, என்னோடு வேலை பார்த்த ஏழுமலை பத்திரமாகப் பிரித்து எடுத்து வந்தான். அதற்குத்தான் இப்போது ஃப்ரேம் போட்டு, பொன்னாடையோடு கொடுத்தார்கள். ஃபோர்மேன் மைக்கில் "ஏதோ என்னால முடிஞ்சது" என்றார். ஏழுமலை கைதட்டினான். அன்று அதைச் சுவரில் ஒட்ட எனக்கு மைதா பசை காய்ச்சிக் கொடுத்தவனே அவன்தான். கேட்டால்,

"கையெழுத்து அவருதுதானே அண்ணாத்தே," என்கிறான்.

இப்போது யாருக்கும் சார்ட் வேண்டாம். தப்பாக அடித்தால் போனே திருத்திவிடுகிறது. வரிசையில் நின்று சிரிக்க ஆள் இல்லை, 'வள்ளல்' என்று கூப்பிடவும் ஆள் இல்லை. வசதிதான்... ஆனாலும் அந்த ஒரு சுவரில் என் எழுத்து இருந்தது.

ஆகவே,

குரூப் அட்மின் படத்துக்குக் கீழே என் பெயரைப் போட வேண்டும்.

பசை காய்ச்சியது யாருக்காக என்று ஏழுமலை இங்கே எழுத வேண்டும். வாய்ஸ் மெசேஜ் செல்லாது.

பொன்னாடையை ஃபோர்மேனே வைத்துக்கொள்ளட்டும். மாங்காட்டில் அவர் வீட்டு ஹாலில் சார்ட் மாட்டியிருப்பதாகக் கேள்வி. அதன் கடைசி வரியை, அவர் தன் வீட்டம்மா முன்னால் சத்தமாகப் படித்து, தமிழில் அர்த்தமும் சொல்ல வேண்டும். அப்புறமும் தான் எழுதியதுதான் என்று அவர் சொன்னால், நான் ஒத்துக்கொள்கிறேன்.